அஹமது கபீர் கழற்றாமல் விட்ட கூம்பு

குத்தாலத்தில் அஹமது கபீர் வீடு எது என்று கேட்டால் சட்டென்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த ஊரில் கபீர்கள் அதிகம். "சிவப்பு கார், உறுமிக்கிட்டே போகுமே, அந்தக் கபீரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஆமாம் என்றால் கடைத்தெருவைத் தாண்டி ஒரு சந்தைக் காட்டிவிட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு கபீருக்கும் தெரியும். அவனும் கூடச் சேர்ந்து சிரிக்கிறவனாகத்தான் இருந்தான், போன கார்த்திகை மழை வரைக்கும்.

பிறந்தது தரங்கம்பாடி. உம்மா இறந்தபோது அவனுக்கு நடையே சரியாக வரவில்லை. லாத்தா லத்தீஃபாதான் வளர்த்தாள். லாத்தா என்றால் அக்கா. அவளுக்கும் அப்போது வயதொன்றும் ஆகிவிடவில்லை, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண். தம்பியை இடுப்பில் தூக்கியதோடு படிப்பு நின்றது. நிக்காஹ் ஆன பிறகும் வாப்பா வீட்டிலேயே தங்கினாள், தம்பிக்காக. அவள் புருஷன் சவூதியில் வேலை பார்த்தார். விடுமுறைக்கு வருவார், போவார். பிள்ளை இல்லை. இருந்த தாய்மை மொத்தத்தையும் தம்பி தலையில் கொட்டினாள்.

தம்பி வளர்ந்து ஷார்ஜா போனான். ஒரு கராஜில் வேலை. கெட்டுப்போன காரைச் சரிசெய்கிற கராஜ் என்று நினைத்துவிட வேண்டாம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற காரைக் கொண்டுவந்து, இன்னும் நன்றாக ஓட வையுங்கள் என்று காசைக் கொட்டுகிறவர்களுக்கான கராஜ். அங்கே கபீருடைய வேலை, காற்றுக்குழாய் மாற்றுவது.

விஷயம் இவ்வளவுதான். எஞ்சினுக்குப் பெட்ரோலோடு காற்றும் வேண்டும். கம்பெனிக்காரன் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி வைத்து, உள்ளே காகித ஃபில்டர் போட்டு, அதன் வாயை பானட்டுக்கு அடியில் மேலாகத் தூக்கி வைத்திருப்பான். பார்க்க ஒரு லட்சணமும் இருக்காது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பளபளவென்று ஒரு அலுமினியக் குழாயை மாட்டி, அதன் நுனியில் கூம்பு மாதிரி ஒரு சிவப்பு ஃபில்டரைச் சொருகி, அந்தக் கூம்பை முன்பக்க பம்பருக்குப் பின்னால், தாழ்வாக, வெளிக்காற்று படுகிற இடத்தில் இறக்கி வைப்பார்கள். குளிர்ந்த காற்று நிறையப் போகும், வண்டி பறக்கும் என்பது பேச்சு.

பறக்குமா? அதெல்லாம் ஒன்றும் இல்லை. அந்தக் கராஜிலேயே சக்கரத்தை உருளைமேல் ஏற்றி எஞ்சின் பலத்தை அளக்கிற மெஷின் இருந்தது. மாட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை, மாட்டிய பிறகு ஒரு தடவை அளப்பார்கள். பெரிய எஞ்சின் வண்டியில் கொஞ்சம் ஏறும். அதோடு எஞ்சினின் கம்ப்யூட்டரையும் புகைக்குழாயையும் மாற்றினால் இன்னும் கொஞ்சம் ஏறும். சின்ன எஞ்சினில் முள் அசைந்ததா இல்லையா என்று வாதம்தான் நடக்கும். சிலதில் இறங்கியே போயிருக்கிறது. ஆனால் சத்தம் கூடும். அந்தக் கறுப்புப் பெட்டி அடக்கி வைத்திருந்த உறுமல் முழுக்க ஓட்டுகிறவன் காதில் வந்து விழும். காது குளிர்ந்தவன் பிக்கப் கூடிவிட்டது என்று சத்தியம் செய்வான். கபீர் இதையெல்லாம் கண்ணால் பார்த்தவன். மாட்டும்போது வாடிக்கையாளர் யாராவது, இவ்வளவு கீழே இருக்கிறதே, தண்ணீரில் போனால் என்ன ஆகும் என்று கேட்டால், கராஜே சிரிக்கும். அந்த ஊரில் தண்ணீருக்கு எங்கே போவது?

இவ்வளவும் தெரிந்தவன், கொரோனாவில் வேலை போய் ஊர் திரும்பும்போது, கம்பளிக்கும் பிஸ்தாவுக்கும் நடுவில் ஒரு கூம்பையும் குழாயையும் சுற்றிக் கொண்டுவந்தான். அதுதான் வயிற்றெரிச்சல். குத்தாலத்தில் மனைவி ஆஷிகாவின் வீட்டோடு குடியேறி, கார் சீட் உறை விற்கிற கடை போட்டான். பழைய சிவப்பு கார் ஒன்றை வாங்கினான். வாங்கிய வாரமே பம்பரைக் கழற்றிக் கூம்பை மாட்டிவிட்டான்.

"என்னங்க, வேகமாப் போகுதா இப்ப?" என்று ஆஷிகா கேட்டாள்.

"இழுவை தெரியலயா உனக்கு?"

"சத்தம்தான் தெரியுது. முன்னாடியும் இந்த பஸ்ஸை இவ்வளவு நேரம் கழிச்சுதான் தாண்டினீங்க."

கபீர் இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதித்தான். அவனுக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சத்தம் அவனுக்குத் தேவைப்பட்டது. ஷார்ஜாவில் ஊரான் வண்டிக்கெல்லாம் மாட்டினோம், நமக்கென்று ஒன்று வேண்டாமா என்ற ஆசை. அவ்வளவு வருஷம் வெயிலில் கிடந்தவனுக்கு அதுகூடவா கூடாது?

ஆனால் டெல்டா என்ன பாலைவனமா? குறுவை அறுப்பில் மெஷின் இறங்கினால் வைக்கோல் தூசியும் நெல் சுணையும் காற்றில் கலந்து வரும். ரோட்டில் பாதிக்கு நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். கூம்பைக் கழற்றினால் பதரும் சுணையும் அப்பிக் கிடக்கும். அலசிக் காயவைத்து மறுபடி மாட்டுவான். மழையில் இன்னும் ஆபத்து. அதனால் அவன் ஒரு முறை வைத்திருந்தான். ஐப்பசி பிறந்ததும் பரணிலிருந்து கறுப்புப் பெட்டியை இறக்கி மாட்டிவிட்டுக் கூம்பை மேலே போடுவான். சம்பா அறுப்பு முடிந்து தூசி அடங்கியதும் பெட்டி மேலே போகும், கூம்பு கீழே வரும். குத்தாலத்தில் மழைக்காலம் வந்துவிட்டதா என்பதை அவன் காரை வைத்தே சொல்லலாம் என்று கடைத்தெருவில் கேலி செய்வார்கள்.

இதற்கிடையில் தரங்கம்பாடியில் லத்தீஃபா படுத்துவிட்டாள். சர்க்கரை. முதலில் கண்ணைக் கெடுத்தது, பிறகு கிட்னிக்குப் போனது. புருஷன் அதற்கும் பல வருஷம் முன்பே சவூதியில் மாரடைப்பில் இறந்துபோய், அங்கேயே அடக்கமாகியிருந்தார். போனில் செய்தி வந்தது, அவ்வளவுதான். அங்கிருந்து யார் ஊருக்கு வந்தாலும் லத்தீஃபா வாசலில் போய் நிற்பாள். அவரைக் குழியில் இறக்கியது யார் என்று கேட்பாள். ஒருவருக்கும் தெரியவில்லை. இறக்கியவன் எந்த நாட்டுக்காரன், அவர் பேராவது அவனுக்குத் தெரியுமா என்று கடைசிவரை அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

வாரத்துக்கு இரண்டு தரம் கபீர் தரங்கம்பாடி போய் அவளைத் தூக்கிக் காரில் வைத்து டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவான். பக்கத்து வீட்டு பர்வின்தான் மற்ற நாளெல்லாம் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது லத்தீஃபா பேச்சை ஆரம்பித்தாள்.

"கபீரு, நான் போனா என்னை நீதான்டா இறக்கணும்."

"இந்தப் பேச்சு இப்ப எதுக்கு லாத்தா?"

"பின்ன எப்பப் பேசுறது? போர்த்திப் படுக்க வச்சப்புறமா? அவரை யாரு இறக்கினாங்கன்னு தெரியாமலே நான் கிடக்கிறேன். எனக்கும் அப்படி ஆக வேண்டாம். ஊரான் கை வேண்டாம்டா."

பெண்ணின் மையத்தை, அதாவது உயிர் போன உடலை, கபுர்க் குழியில் இறக்குவது பெற்றவனோ, கூடப் பிறந்தவனோ, பிள்ளையோ செய்ய வேண்டியது. ஒருவரும் இல்லாவிட்டால்தான் ஊர்க்காரர்கள். லத்தீஃபாவுக்கு வாப்பா இல்லை, பிள்ளை இல்லை. இருந்தது இவன் ஒருத்தன்.

"நான்தான் இறக்குவேன் லாத்தா. போதுமா? பேசாம வாங்க."

"போதும்" என்றாள். உண்மையிலேயே அவளுக்குப் போதுமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள்.

போன ஐப்பசியில் மேகம் கூடியதும் கபீர் வழக்கம்போலப் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தான். மறுநாள் லாத்தா வீட்டுக்குப் போனபோது பேச்சுவாக்கில் சொன்னான். "அடுத்த தடவை வண்டி சத்தம் வராது லாத்தா. மழை வருது, பழைய பெட்டியை மாட்டப்போறேன்."

லத்தீஃபா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பர்வின்தான் சொன்னாள். "மாட்டாதீங்கண்ணே. அவங்களுக்குக் கண்ணு சுத்தமாத் தெரியலல்ல. தெருமுனையில உங்க வண்டி சத்தம் கேட்டா உடனே எழுப்பி உட்கார வைம்பாங்க. தலையை வாரிவிடு, தம்பி வர்றான், டீ போடுன்னு ஒரே ஆர்ப்பாட்டம். அந்தச் சத்தம் கேக்குற வரைக்கும்தான் படுக்கை. போன மழைக்கு நீங்க சத்தமில்லாம வந்து நின்னீங்க, பாவம், திடுக்குன்னு ஆயிட்டாங்க."

"நீ சும்மா இரு பர்வின்" என்றாள் லத்தீஃபா. பிறகு, தம்பி இருந்த பக்கம் என்று நினைத்துச் சுவரைப் பார்த்தபடி, "மழை பெய்யட்டும்டா. இந்த ஒரு வருஷம் அது இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

சின்ன வயதிலிருந்து அவள் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. கேட்டது இரண்டே இரண்டு. இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது என்று யாருக்குத் தெரியும்? கபீர் வீட்டுக்கு வந்து கறுப்புப் பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றினான்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. வாய்க்காலும் வயலும் ஒன்றாகி, நட்ட சம்பா நுனி மட்டும் தெரிய நின்றது. அந்த வாரத்தில் ஒரு நாள், முற்பகலில், பர்வினிடமிருந்து போன் வந்தது. அழுகைக்கு நடுவில் அவள் சொன்னதில் ‘போயிட்டாங்க’ என்ற ஒரு வார்த்தைதான் விளங்கியது. கபீர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

அடுத்து ஜாஃபர் சாதிக் பேசினார். தரங்கம்பாடி பள்ளிவாசலின் செயலாளர், வாப்பாவின் சிநேகிதர். "தம்பி, மழையா இருக்கு. நாளைக்குத் தள்ள முடியாது. அஸர் தொழுகை முடிஞ்சு அடக்கிடலாம். நீங்க வந்துடுவீங்கல்ல?"

"வந்துடுவேன் மாமா. நான்தான் இறக்கணும்."

"அதுக்குத்தான் தம்பி கேக்குறேன். வாங்க."

ஆஷிகா முக்காட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "என்னங்க, கூம்பைக் கழட்டிட்டுப் பெட்டியை மாட்டிடலாமா? நேரம் இருக்குல்ல?"

இருந்தது. சத்தியமாக நேரம் இருந்தது. ஒரு மணி நேர வேலை. பிற்பகல் தொழுகையான அஸருக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. ஆனால் அக்கா அங்கே துணி போர்த்திக் கிடக்கிறாள் என்று தெரிந்தவன், இங்கே காருக்கு அடியில் படுத்து நட்டு திருகிக்கொண்டிருக்க முடியுமா? "மெயின் ரோட்டுல தண்ணி ஏறாது. ஏறு" என்றான்.

அவன் சொன்னது சரிதான், மெயின் ரோட்டில் தண்ணீர் ஏறவில்லை. மயிலாடுதுறை தாண்டி, செம்பனார்கோயில் வரை வந்துவிட்டார்கள். அதற்குமேல் ரோட்டின் குறுக்கே பெரிய தூங்குமூஞ்சி மரம் விழுந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வண்டிகள் நின்றன. அறுத்து இழுக்க சாயங்காலம் ஆகும் என்றார்கள். கபீர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு முன்னால் ஒரு வெள்ளைக் கார் இடதுபுறம் கிராமத்து ரோட்டில் திரும்பியதைப் பார்த்து, அதன் பின்னாலேயே திருப்பினான்.

வாய்க்கால் ஓரமாகப் போகிற ரோடு. ஓரிடத்தில் கரை உடைந்து, தண்ணீர் ரோட்டைக் கடந்து வயலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. வெள்ளைக் கார் தயங்கி நின்று, பிறகு மெதுவாக உருண்டு அக்கரை ஏறிப் போய்விட்டது. இவன் வண்டி மாதிரியே வண்டி. கம்பெனி போட்டது போட்டபடி இருந்தது, அதுதான் வித்தியாசம்.

கபீர் இறங்கித் தண்ணீரில் நின்று காலைப் பார்த்தான், பம்பரைப் பார்த்தான். கூம்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? தன் கையால் இறக்கி வைத்தது. அலை எழும்பாமல் நகர்த்தினால் போய்விடலாம் போலத் தோன்றியது. ஆஷிகா, "திரும்பிடலாங்க" என்றாள். திரும்பினால் மரம். மரத்துக்கு அந்தப் பக்கம் லாத்தா. ஏறி உட்கார்ந்தான்.

முக்கால்வாசி போய்விட்டான். எதிரில் ஒரு மினி லாரி வேகத்தைக் குறைக்காமல் தண்ணீரில் இறங்கியது. அது கிளப்பிய அலை பம்பரில் வந்து மோதியது. எஞ்சின் ஒரு மடக்கு குடித்தது. உள்ளே இரும்பு இரும்பில் இடித்த ஒரு ஓசை. அதோடு நின்றது. சாவியைத் திருப்பினான். ‘டக்’ என்றது, அதற்குமேல் ஒன்றும் இல்லை. எஞ்சினுக்குள் தண்ணீர் போய், பிஸ்டனைத் தள்ளுகிற ராடு வளைந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது. ஆனாலும் இன்னொரு தரம் திருப்பினான். "யா அல்லா, இன்னிக்கு ஒரு நாள்" என்று சொல்லிக்கொண்டே திருப்பினான். ஆஷிகா அவன் கையைப் பிடித்து சாவியிலிருந்து எடுத்தாள்.

இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கி நடந்து மேட்டுக்கு வந்தார்கள். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. நடந்துகொண்டே ஜாஃபர் சாதிக்குக்குப் பேசினான். "வண்டி நின்னுடுச்சு மாமா. எப்படியாவது வந்துடுறேன். கொஞ்சம் பொறுங்க." அவர் பொறுக்கிறோம் என்றார். அஸர் பாங்கு சொன்னார்கள். தொழுகை முடிந்தது. மையத்துக்கான ஜனாஸா தொழுகையைத் தள்ளிவைத்துக்கொண்டு மழையில் அத்தனை பேரும் நின்றார்கள்.

மறுபடி போன் வந்தபோது கபீரும் ஆஷிகாவும் வயலுக்கு நடுவில் ஒரு மதகின் மேல் நின்றுகொண்டிருந்தார்கள்.

"தம்பி, எங்க இருக்கீங்க?"

"நடந்து வர்றோம் மாமா. ஒரு டிராக்டர் வருதுன்னாங்க."

ஜாஃபர் சாதிக் கொஞ்சம் தயங்கினார். "கபுருல தண்ணி ஊறிக்கிட்டே இருக்கு தம்பி. இறைச்சு இறைச்சுப் பார்த்துட்டோம். மணல் பூமி, ஒரு பக்கம் சரியுது. இன்னொரு குழி வெட்டினாலும் இதே கதைதான். இப்ப இறக்கினா மண்ணு தாங்கும். அதுக்கப்புறம் என்னால சொல்ல முடியல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க நில்லுன்னு சொன்னா நிக்கிறோம். உங்க வார்த்தை இல்லாம செய்ய மாட்டோம்."

நிற்கச் சொன்னால் நிற்பார்கள். அது அவனுக்குத் தெரியும். அவன் போய்ச் சேரும்போது குழி நிறையத் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரில் அவளை வைக்க வேண்டும். அப்படி வைத்தால் வாக்கு நிற்கும், அவள்? போனை மாரோடு வைத்து அழுத்தினான். ஆஷிகா தோளைத் தொட்டாள். மறுபடி காதில் வைத்தான்.

"இறக்கிடுங்க மாமா."

"சரிதானே தம்பி?"

"அவங்க நனையக் கூடாது. இறக்கிடுங்க."

போனை வைத்துவிட்டு, அந்த மதகின் மேலேயே மழையில் நின்று வாய்விட்டு அழுதான். ஷார்ஜாவில் இருந்தபோது வாப்பாவின் மையத்துக்கு வர முடியவில்லை. அது கடல் தாண்டிய தூரம், மனதைத் தேற்றிக்கொள்ள முடிந்தது. இது கூப்பிடுகிற தூரம். காருக்குள் உட்கார்ந்தபடி போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய தூரம்.

டிராக்டர் வந்து அவர்களைத் தரங்கம்பாடியில் இறக்கும்போது அந்தி மஃரிபு தொழுகைக்கு இன்னும் கொஞ்சம் நேரமும் வெளிச்சமும் இருந்தது. ஆஷிகா வீட்டுக்குப் போனாள். கபீர் நேராக அடக்கஸ்தலத்துக்கு, மையவாடிக்குப் போனான். கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. ஜாஃபர் சாதிக் குடையோடு காத்திருந்தார். ஈரமண் மேடாகக் குவிந்திருந்தது, மேலே நட்டிருந்த செடி காற்றில் சாய்ந்திருந்தது. கபீர் மூன்று பிடி மண் எடுத்துப் போட்டான். மண் கையை விட்டு உதிரவில்லை, சேறாக ஒட்டிக்கொண்டது. துஆ ஓத வாயைத் திறந்தான். பாதியில் மறந்துபோயிற்று. ஜாஃபர் சாதிக் சத்தமாக ஓதினார், இவன் ஆமீன் மட்டும் சொன்னான்.

"யாரு மாமா இறக்கினது?" என்று கேட்டான்.

"ஊர்ப் பிள்ளைங்கதான் தம்பி. தலைமாட்டுல ஃபாஜில் பிடிச்சான். அந்தா நிக்கிறான் பாருங்க."

மண்வெட்டிகளை அள்ளிக்கொண்டு ஒருவன் கொட்டகைப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். மீன் வண்டி ஓட்டுகிறவன். இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. லத்தீஃபாவை உயிரோடு ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. கபீர் கூப்பிட்டதும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தான். என்ன கேட்கப்போகிறாரோ என்று அவன் முகத்தில் பயம் தெரிந்தது.

கபீர் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"தம்பி, லாத்தாவுக்கு இடது தோள்ல வலி. ஊசி போட்டுப் போட்டு அங்க கையே வைக்க முடியாது. தூக்கும்போது அந்தப் பக்கம் முதுகுக்குக் கீழ கையைக் கொடுத்துத்தான் தூக்கணும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது." அந்தக் கைகளைப் பார்த்தான். "தோள்ல பிடிச்சிடலயே?"

ஃபாஜில் தலையைக் குனிந்தான். அந்த மழையிலும் சரிகிற மண்ணிலும் எங்கே பிடித்தோம் என்று அவனுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

"இல்லண்ணே" என்றான். "அங்க பிடிக்கல. நீங்க சொல்ற மாதிரிதான் பிடிச்சேன்."

"வலிச்சிருக்காதுல்ல?"

"வலிச்சிருக்காதுண்ணே."

கபீர் சரி சரி என்று தலையாட்டினான். அவன் கையை மட்டும் விடவில்லை.